பணிவழிக் கற்றல்: ‘சர்வீஸ் லேர்னிங்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

கல்லூரி அறிவிப்புகளில் ‘எக்ஸ்டென்ஷன்’, ‘அவுட்ரீச்’, ‘சர்வீஸ் லேர்னிங்’ என்ற மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் புழங்குகின்றன. மாணவர்கள் ஊருக்குள் போய் ஏதோ நல்லது செய்கிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஊருக்குச் செய்யும் பணியைப் பாடத்தோடு பிணைத்துக் கற்பதைக் குறிக்கும் மூன்றாவது சொல்லின் பாதை வேறு.

இவற்றில் மூத்தது எக்ஸ்டென்ஷன். 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியூர்களில் விரிவுரைகள் நடத்தத் தொடங்கிய காலத்துச் சொல் அது. பிறகு அமெரிக்காவில் 1914இல் வந்த ஒரு சட்டத்தின் மூலம் உழவர்களிடம் போய்ச் சேர்ந்தது. தமிழில் ‘விரிவாக்கம்’ என்று நிலைத்துவிட்டது. வேளாண் விரிவாக்க மையம் நமக்குப் பழகிய பெயர். அவுட்ரீச் என்றால் கையை வெளியே நீட்டுவது. இரண்டிலுமே கொடுப்பது பல்கலைக்கழகம், வாங்கிக்கொள்வது ஊர். 1960களில் சிலி நாட்டில் பணியாற்றிய பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரையரே, அறிவை அப்படி நீட்டிக் கொடுத்துவிட முடியுமா என்று விரிவாக்கம் என்ற சொல்லையே கேள்விக்கு உள்ளாக்கினார்.

அதே 1960களின் பிற்பகுதியில்தான் அமெரிக்காவில் ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் சர்வீஸ் லேர்னிங் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1979இல் சிக்மன் மூன்று நெறிகளை எழுதினார். என்ன பணி வேண்டும் என்பதை அதைப் பெறுகிறவர்களே முடிவு செய்ய வேண்டும். அதனால் அவர்களுடைய திறன் வளர வேண்டும். பணி செய்கிறவரும் கற்கிறவர்தான். எனக்கு முதல் நெறிதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஊரைக் கேட்காமலே திட்டம் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

ஒரு பி.காம். மாணவி, மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுத உதவப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் படித்த இரட்டைப் பதிவு முறை அவளுக்குத் தெரியும். குழுவிலோ தீர்மானப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, வங்கிப் பாஸ்புக் என்று மூன்று இடங்களில் கணக்கு கிடக்கிறது. எந்தத் தவணை ஏன் தள்ளிப்போனது என்பது ஏட்டில் இல்லை, குழுத் தலைவிக்கு மனப்பாடம். நூறு நாள் வேலைக் கூலி வந்து சேரும் நாளுக்கும் தவணை நாளுக்கும் உள்ள இடைவெளியை அந்த அம்மா விளக்கும்போது, ‘பணப்பாய்வு’ என்ற பாடம் அந்தப் பெண்ணுக்குப் புரிகிறது. அதை அவள் குறிப்பேட்டில் எழுதி, வகுப்பில் பேசி, மதிப்பெண்ணும் பெறுகிறாள் என்றால் அதுதான் சர்வீஸ் லேர்னிங். வெறுமனே கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அது உதவி. நல்ல காரியம்தான், ஆனால் சர்வீஸ் லேர்னிங் ஆகாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சேவைக் கற்றல்’ என்று எழுதுகிறார்கள். அது சேவை செய்யக் கற்றுக்கொள்வது போல ஒலிக்கிறது. சேவை வடசொல் என்பது இருக்கட்டும்; இ-சேவை மையம், சேவைக் கட்டணம் என்று இன்று அது அலுவலகச் சொல்லாகவும் ஆகிவிட்டது. ‘தொண்டு’ அழகான சொல். ஆனால் திருத்தொண்டர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதில் பக்தியும் தியாகமும் முன்னால் வந்து நிற்கும்; கற்றல் பின்னுக்குப் போய்விடும்.

நான் ‘பணிவழிக் கற்றல்’ என்பேன். ‘செயல்வழிக் கற்றல்’ தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஏற்கெனவே வேரூன்றிய சொல் என்பதால், இந்த அமைப்பு யாருக்கும் உடனே விளங்கும். அப்புறம், பணி என்றால் வேலை மட்டுமில்லை, பணிதலும் அதற்குள் இருக்கிறது. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அப்பரின் வாக்கு தமிழருக்குப் புதிதல்ல. ஊரார் முன்னால் பணிந்து கேட்கிற மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய என்.எஸ்.எஸ்.ஸுக்கும் ‘நாட்டு நலப்பணித் திட்டம்’ என்றுதான் பெயர் வைத்தோம். ஆனால் அதன் ஏழு நாள் முகாமைப் பணிவழிக் கற்றல் என்று சொல்லிவிடக் கூடாது. பாடத்தோடு பிணைந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் மாணவர்களைக் கிராமங்களில் தங்கவைத்து அதையே படிப்பின் பகுதியாக்கியிருப்பது இந்தச் சொல்லுக்கு மிக நெருக்கமானது. மற்றபடி கண் பரிசோதனை முகாம், மரக்கன்று நடுதல் போன்றவற்றுக்கு ‘நலப்பணி’ போதும். வேளாண்மைக்கு ‘விரிவாக்கம்’ இருக்கட்டும்.