முடிவு வரும் இரவும் மாத்திரைப் பெட்டியும்

"தேர்தல் முடிவால் எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு எந்த நோயாளியும் வருவதில்லை. தலைச்சுற்று என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், நித்திரை வருவதே இல்லை என்பார்கள். எந்த நாளிலிருந்து என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். கொழும்பு வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியம் பார்க்கும் எனக்கு 2024 செப்டெம்பரிலும் நவம்பரிலும் அந்தக் கேள்வி வாய்ப்பாடமாகிவிட்டது.

அந்த முடிவுகள் அப்படிப்பட்டவை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3.16 சதவீத வாக்குகள் மட்டுமே பெற்ற தேசிய மக்கள் சக்தித் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலில் 42.31 சதவீதம் பெற்று வென்றார். எவரும் 50 சதவீதத்தைத் தாண்டாததால் வாக்காளர் இரண்டாம், மூன்றாம் தெரிவாகக் குறித்த விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டிவந்தது. இலங்கை வரலாற்றில் அதுவே முதல் தடவை. இரவு பத்து மணிக்குப் போட்ட ஊரடங்கு ஞாயிறு நண்பகல் வரை நீடித்தது. நவம்பர் 14ஆம் திகதிப் பொதுத் தேர்தலில், முந்தைய பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்களுடன் இருந்த தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று அவர்களுக்கு. கொழும்பில் தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் தோற்றார். அவர்களின் சின்னமான திசைகாட்டிக்கு வாக்களித்தவர்களே வாயடைத்துப்போன முடிவு அது.

யார் வென்றது சரி, யார் தோற்றது சரி என்பது என் வேலை இல்லை. மகிழ்ந்தவர், மனம் உடைந்தவர் இருவருமே அந்த வாரம் என் எதிரே அமர்ந்திருந்தார்கள். இருவரின் இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்த செய்தி. விடிய விடியத் தொலைக்காட்சி முன் அமர்ந்து, தபால் மூல வாக்கு முதல் கடைசித் தொகுதி வரை பார்த்து, இடையிடையே தேநீரும் முறுக்குமாக இரவைக் கழித்து, காலையில் மாத்திரையை மறந்து தூங்கிப்போகிற உடம்புக்குக் கட்சி பேதம் தெரியாது.

இது நம்மவர்களின் மிகை உணர்ச்சி என்று சிரிப்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். 2016இல் டொனால்ட் ட்ரம்ப் எதிர்பாராமல் வென்றதை அடுத்த இரண்டு நாட்களில், தெற்குக் கலிபோர்னியாவின் பெரிய மருத்துவ அமைப்பு ஒன்றின் உறுப்பினர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்காக வைத்தியசாலையில் சேர்ந்தவர்களின் வீதம், முந்தைய வாரத்தின் அதே நாட்களைவிட 1.62 மடங்காக இருந்தது. வயதோ இனமோ பார்த்து அது பெரிதாக வேறுபடவுமில்லை. முடிவுதான் காரணம் என்று அந்த எண் நிறுவிவிடாது. ஆனால் இதய நோயாளி உள்ள வீட்டில் அதை அலட்சியப்படுத்துவது புத்திசாலித்தனம் அல்ல.

கொழும்புத் தமிழ் வீடுகளில் இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை அவருடைய மகள் செப்டெம்பர் கடைசியில் அழைத்துவந்தார். (இங்கே வரும் நோயாளிகளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகளின் முறைப்பாடு, அம்மா கட்டிலுக்கு அடியில் ஒரு பையைக் கட்டி வைத்திருக்கிறார் என்பது. "எத்தனை தரம் சொல்லியும் கேட்கிறார் இல்லை டொக்டர், காலம் மாறிவிட்டது என்று நீங்களாவது சொல்லுங்கள்." பைக்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவிடமே கேட்டேன். அடையாள அட்டைகளின் பிரதிகள், காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், இரண்டு பிஸ்கட் பக்கெட், ஒரு சேலை, ஒரு துவாய். ஒவ்வொரு தேர்தலுக்கும் பிஸ்கட்டை மட்டும் புதிதாக மாற்றுவாராம். மாத்திரை? "அது அலுமாரியில் இருக்கிறது." பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் பல ஆண்டுகளாக மருந்து எடுக்கிறவர்.

அந்தப் பை பைத்தியக்காரத்தனம் அல்ல. 1977 ஜூலை 21 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானது. அதுவும் யாரும் எதிர்பாராத முடிவுதான். ஒரு மாதம் ஆவதற்குள், ஓகஸ்ட் நடுப்பகுதியில், இனக் கலவரம் வெடித்தது. அந்த அம்மா அப்போது புதிதாகத் திருமணமாகி வந்தவர். அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். ஆறு ஆண்டுகளில் 1983 கலவரம் வந்தது. "பெரிய வெற்றி" என்று செய்தியில் கேட்டால் அவருடைய கை பையைத் தேடுகிறது. 2024 தேர்தல்கள் பெரிய வன்முறை இல்லாமல் முடிந்தன என்பது உண்மை; அதை நானும் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பையை அவிழ்க்கவில்லை.

அவிழ்க்கச் சொல்லி நான் வற்புறுத்தவுமில்லை. இரண்டு வாரத்துக்கான மாத்திரைகளும் மருந்துத் துண்டின் பிரதியும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தின் படமும் அந்தப் பைக்குள் போகட்டும் என்றேன். பிஸ்கட் மாற்றும்போது மாத்திரையின் காலாவதித் திகதியையும் பாருங்கள் என்றேன். மகளுக்கு என்மேல் கொஞ்சம் கோபம். ஆனால் ஊரடங்கு நேரத்தில், வெள்ளமும் வரும் இந்த நகரத்தில், அப்படி ஒரு பை எல்லா வீட்டிலும் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். முதியவரின் பயத்தைப் பிள்ளைகள் கேலி செய்தால், பயம் போவதில்லை. எங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகிறது. நித்திரையில் திடுக்கிட்டு எழுவதும் கதவுப் பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல ஆலோசனை தேவை. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

பிரஷர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. வீட்டுக் கருவியில் அளந்து, 170 என்று கண்டதும் பதறி இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை நாக்கின் கீழ் வைத்தவரும் உண்டு. அழுத்தம் சடுதியாக விழுந்தால் மூளைக்கு இரத்தம் குறையும். ஏறியதைவிட அது ஆபத்தாகலாம். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கால்கள் தரையில் பட, முதுகு சாய்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்துவிட்டு அளந்து பாருங்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீரோ சிகரெட்டோ கூடாது. பெரும்பாலும் இரண்டாவது அளவே வேறு கதை சொல்லும்.

நவம்பர் 15 போயா (பௌர்ணமி) விடுமுறை. அன்று நண்பகல் தெகிவளையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அறுபத்தைந்து வயதுக்காரர். காலையில் யாழ்ப்பாண முடிவைக் கேட்டு, மகனுடன் வாக்குவாதப்பட்டு, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்விட்டார். மகன் திசைகாட்டிக்காரர். "அப்பா கோபத்தில் இருக்கிறார், விடுங்கள்" என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். மருமகள் தேநீர் கொண்டுபோனபோது அவர் வியர்த்து நனைந்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லியிருக்கிறார். கோபத்தில் வியர்க்குமா என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். குளுக்கோஸ் அளக்கும் கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தால் 48 (mg/dL). காலை உணவைத் தள்ளியவர் நீரிழிவுக்கான கிளிக்லசைட் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

70க்குக் கீழே இறங்கினாலே அது குறைவு. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் மீண்டும் சீனித் தண்ணீர். தெளிந்ததும் சோறோ பாணோ. இந்த வகை மாத்திரையில் சீனி மறுபடி விழக்கூடும் என்பதால் அன்றே வைத்தியசாலைக்கும் அனுப்பினேன். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சாப்பிடாத நாளில் இப்படியான மாத்திரையை எப்படி எடுப்பது என்று உங்கள் வைத்தியரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனும் மகனும் இப்போது அரசியல் பேசுகிறார்களாம், சாப்பிட்ட பிறகு.

வட்ஸ்அப் குரல் பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. "அங்கே பிரச்சினையாம்" என்று பெயர் இல்லாத குரல் சொல்வதை இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

மாகாண சபைத் தேர்தல்கள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன. வரும்போது இன்னோர் இரவு விழிப்பு நிச்சயம். அந்த இரவில் நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் எதுவானாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம். "கொழும்பு மாவட்ட முடிவு வரட்டும், பிறகு போவோம்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். முடிவை உங்களுடன் வருகிறவர் கைபேசியில் பார்த்துச் சொல்வார்.