எவரெஸ்ட் அடிவாரம் போகிறீர்களா? திரும்பும் டிக்கெட்டை முதலில் பாருங்கள்

மலைப் பயணத் திட்டத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்பதில்லை. “திரும்பி வர்றதுக்கு டிக்கெட் என்னைக்குப் போட்டிருக்கீங்க?” என்றுதான் கேட்பேன். பலர் குழம்பிப் போவார்கள். டாக்டர் ஏன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று முகத்திலேயே தெரியும்.

போன மாதம் வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று முழு மாரத்தான் ஓடி முடித்தவர். ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் அவராகவே எடுத்து வைத்திருந்தார், எதிலும் குறையில்லை. நேபாளத்தின் சாகர்மாதா தேசியப் பூங்கா வழியாக எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்கப் போகிறார். அலுவலகத்தில் எட்டு நாள் விடுப்பு; சனி, ஞாயிறுகளைச் சேர்த்தால் பன்னிரண்டு நாள். முதல் நாள் மாலை காத்மாண்டு, அன்று நள்ளிரவே மந்தலி விமான நிலையத்துக்குக் கார், மறுநாள் காலை விமானத்தில் மலையூரான லுக்லா. அங்கிருந்து ஒரு நாள்கூட நிற்காமல் பாக்டிங், நாம்சே, தெங்போச்சே, திங்போச்சே, லொபுச்சே, கோரக் ஷெப். பிறகு மூன்று நாளில் இறக்கம். பன்னிரண்டாம் நாள் வீடு.

கணக்கு கச்சிதமாக இருந்தது. பயமே அதுதான்.

நான் இரண்டு பருவங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் தன்னார்வ மருத்துவராக இருந்திருக்கிறேன். அங்கே என்னிடம் தூக்கி வரப்பட்டவர்களில் உடல் தகுதி இல்லாமல் வந்தவர்கள் குறைவு. நாள் போதாமல் வந்தவர்கள்தான் அதிகம். அதனால் என்ன ஜாக்கெட் வாங்கலாம், எந்த ஷூ நல்லது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எந்த இரவு எங்கே படுக்கிறீர்கள் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாகர்மாதா 1976-இல் தேசியப் பூங்கா ஆனது. 1979-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1,148 சதுர கிலோமீட்டர். மோஞ்சோ என்ற ஊரில் இருக்கும் நுழைவாயிலே 2,800 மீட்டருக்கு மேல். எவரெஸ்ட் உச்சி, 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவுப்படி, 8,848.86 மீட்டர். வேறு பல பூங்காக்களில் சமவெளியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறலாம். இங்கே வாசலைத் தாண்டும்போதே உடம்புக்கு வேலை ஆரம்பித்துவிடுகிறது.

மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் பங்கு குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பங்கு குறைவதில்லை, எங்கும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. பேஸ் கேம்ப் நடையின் கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப் 5,164 மீட்டரில் இருக்கிறது. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதில் பாதியைச் சற்றே தாண்டிய ஆக்சிஜன்தான் உள்ளே போகிறது. அதற்குப் பழக உடம்பால் முடியும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும், பிறகு சிவப்பணுக்கள் கூடும். இவை எல்லாவற்றுக்கும் நாள் தேவை. மாரத்தான் ஓடிய கால்களால் இந்த வேலையைச் சீக்கிரம் முடித்துத் தர முடியாது. சொல்லப்போனால் நல்ல உடல்வாகு உள்ளவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

மலை மருத்துவம் படித்தவர்கள் பின்பற்றும் விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல், இன்றிரவு படுக்கும் இடம் நேற்றிரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, அதே ஊரில் இன்னோர் இரவு. பகலில் எவ்வளவு உயரம் ஏறிப் பார்த்தாலும் குற்றமில்லை, படுக்கக் கீழே வந்துவிட வேண்டும்.

இந்த விதியை அவருடைய தாளின் மேல் வைத்துப் பார்ப்போம். பாக்டிங் 2,610 மீட்டர், நாம்சே பஜார் 3,440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம். வழியில் தங்கும் ஊர்கள் உண்டு என்றாலும் பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள். அதற்கு ஈடாகத்தான் நாம்சேயில் இரண்டு இரவு. நடுவில் உள்ள பகலில் 3,880 மீட்டர் வரை ஏறி எவரெஸ்ட்டைப் பார்த்துவிட்டு இறங்குவது வழக்கம். அடுத்து தெங்போச்சே, 3,860. அதற்கடுத்து திங்போச்சே, 4,410. அங்கேயும் இரண்டு இரவு. பிறகு லொபுச்சே சுமார் 4,900, கோரக் ஷெப் 5,164. இப்படிப் போனால் லுக்லாவில் இறங்கியதிலிருந்து மேலே சேர எட்டு நாள், இறங்கிவர மூன்று நாள், விமானத்துக்கு ஒரு நாள். மொத்தம் பன்னிரண்டு. அதுவும் லுக்லாவிலிருந்து லுக்லா வரை. வீட்டிலிருந்து வீடு வரை அல்ல.

அவரோ நாம்சே, திங்போச்சே இரண்டிலும் ஓய்வு நாளை வெட்டியிருந்தார். பாக்டிங்கில் தூங்கி எழுந்து ஐந்தே நாளில் 2,500 மீட்டருக்கு மேல் ஏறி கோரக் ஷெப்பில் படுப்பதாகத் திட்டம். அதற்கு முந்தைய இரவோ முழுக்கக் காரில். சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணத்தில் இருக்கும் மந்தலியிலிருந்துதான் பறக்கின்றன. அந்தக் காரில் யாரும் தூங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

“நடுவுல உடம்புக்கு முடியலைன்னா ஒரு நாள் நின்னுக்கறேன் டாக்டர்” என்றார்.

“எந்த நாளை எடுத்து நிப்பீங்க?” என்று கேட்டேன். தாளைப் பார்த்தார். எடுக்க நாளே இல்லை.

லொபுச்சேயில் ஒரு மாலை எனக்கு மறக்காது. ஐந்து நண்பர்கள் ஒன்றாக வந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் மூலையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாகியும் அவிழவில்லை. “களைச்சுப் போயிட்டான், தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்றார்கள் நண்பர்கள். அவரை எழுப்பி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தார். அது மூளை வீக்கம். தூங்க விட்டிருந்தால் அவர் காலையில் எழுந்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன் ஊசியும் கொடுத்து, டார்ச் வெளிச்சத்தில் நான்கு பேர் தாங்கிக்கொண்டு கீழே உள்ள பெரிச்சே கிராமத்தை நோக்கி இறக்கினோம். பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோதுதான் சொன்னார். திங்போச்சேயிலேயே தலைவலி தாங்க முடியவில்லையாம், வாந்தியும் இருந்திருக்கிறது. ஒரு நாள் தங்கினால் எல்லோருடைய திரும்பும் விமானமும் போய்விடும் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

குழுவாகப் போகிறவர்கள் இந்த மௌனத்துக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். கிளம்புவதற்கு முன்பே ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குத் தலைவலி வந்தாலும் அன்று மாலையே சொல்ல வேண்டும், யாருக்காக நின்றாலும் குறைபட்டுக்கொள்ளக் கூடாது. மேலே போன பிறகு இதைப் பேச வராது.

என்னென்ன அறிகுறிகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைவலி, அதோடு குமட்டல், தலைச்சுற்றல், அளவு மீறிய களைப்பு ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயில், தண்ணீர் குடிக்காதது, நேற்றைய பருப்புச் சாதம் என்று காரணம் தேட வேண்டாம். அந்த நிலையில் மேலே ஏறக் கூடாது. அதே ஊரில் தங்கினால் பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் தெளிந்துவிடும். தெளியாவிட்டாலோ கூடினாலோ இறங்க வேண்டும். தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், நடத்தையில் மாற்றம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது இன்னும் கள்ளத்தனமானது. உயர நோய்ச் சாவுகளில் அதிகம் அதனால்தான். தலைவலியே இல்லாமலும் வரும். நேற்றுவரை முன்னால் நடந்தவர் இன்று கடைசியில் வருவார், வறட்டு இருமல் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் அவரை இறக்கத் தொடங்கிவிடுங்கள். சளியில் இளஞ்சிவப்பு நுரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இரவில் மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக இழுப்பதைக் கண்டு பலர் பதறி எழுவார்கள். அந்த உயரத்தில் அது இயல்பு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பதும் வேண்டாம். கை குளிர்ந்திருந்தால் அது தப்பாகக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

டயமாக்ஸ் என்ற அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேட்காதவர் இல்லை. நல்ல மருந்து. ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து குறைந்த அளவில் எடுத்துக்கொண்டால் உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சுவை கெட்டிருக்கும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஓய்வு நாளுக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றால் நான் எழுதித் தர மாட்டேன். அந்த ஐந்து நண்பர்களில் ஷூ கயிற்றோடு போராடியவரும் டயமாக்ஸ் எடுத்திருந்தார்.

தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சைத் தளர்த்தும், மேலே இரண்டும் வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பையில் வைக்காமல் சட்டைக்குள் வையுங்கள், உறைந்தால் வீண். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரல் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

“ஹெலிகாப்டர் இருக்கே டாக்டர்?” என்பது அடுத்து வரும் கேள்வி. இருக்கிறது. மேகம் இறங்கினால் வராது, இரவில் வராது. மோசமாவதோ பெரும்பாலும் இரவில். உங்கள் பயணக் காப்பீடு எத்தனை மீட்டர் வரை செல்லும் என்பதையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். ஓர் உயரத்துக்கு மேல் செல்லாது என்ற வரி பல பாலிசிகளில் இருக்கும். பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் சீசனில் மருத்துவ நிலையம் நடத்துகிறது. பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேசுவார்கள், போய் உட்காருங்கள். குந்தே கிராமத்தில் எட்மண்ட் ஹிலாரி 1966-இல் தொடங்கிவைத்த மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டுக்கும் நடந்துதான் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. உங்கள் மூட்டையைத் தூக்கிவரும் போர்ட்டர். மலையில் பிறந்தவருக்கு ஒன்றும் ஆகாது என்பது நம்முடைய வசதிக்கான நம்பிக்கை. பலர் கீழ் மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்காக வருகிறவர்கள். அவர்களுக்கும் உங்களைப் போலவே தலை வலிக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று சொல்ல மாட்டார்கள். நெஞ்சில் கரகரப்போடு முப்பது கிலோவை இறக்கி வைத்துவிட்டு, “ஒன்றுமில்லை” என்று என்னிடம் சிரித்த ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். தினமும் மாலையில் உங்கள் நண்பரைக் கேட்பதுபோல அவரையும் கேளுங்கள். முடியவில்லை என்றால், துணைக்கு ஆள் போட்டு, கூலியை முழுதாகக் கொடுத்துக் கீழே அனுப்புங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

லுக்லா ஓடுபாதைக்கு நீளம் 527 மீட்டர். காற்றோ மேகமோ வந்தால் இரண்டு மூன்று நாள்கூட விமானம் பறக்காமல் போகலாம். எனவே உபரி நாளே இல்லாத திட்டத்தை நான் திட்டமாகவே எண்ணுவதில்லை. வீட்டிலிருந்து வீடு வரை பதினாறு நாள் இருந்தால் பேஸ் கேம்ப்.

பன்னிரண்டு நாள்தான் என்றால்? இதைத்தான் மாரத்தான்காரரோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினேன். காத்மாண்டுவில் ஓர் இரவு, பகலில் காரில் போய் மந்தலியில் ஓர் இரவு தூங்கி எழட்டும். மூன்றாம் நாள் பாக்டிங், பிறகு நாம்சேயில் இரண்டு இரவு, தெங்போச்சேயில் இரண்டு இரவு. தெங்போச்சே மடாலத்து வாசலில் நின்றால் எவரெஸ்ட், லோட்சே, 6,812 மீட்டர் அமா தப்லம் மூன்றும் எதிரே நிற்கும். பேஸ் கேம்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது என்பது பலருக்குத் தெரியாது, முன்னால் நிற்கும் மலைகள் மறைத்துவிடும். அதற்குத்தான் இன்னும் மேலே காலா பத்தர் என்ற குன்றில் ஏறுகிறார்கள். தெங்போச்சேயில் மறுநாள் பாங்போச்சே வரை நடந்துவிட்டுத் திரும்பலாம். ஒன்பதாம் நாள் லுக்லா, பத்தாம் நாள் விமானம், பதினொன்று உபரி.

அவருக்கு வருத்தம்தான். பேஸ் கேம்ப் பாறையருகே எடுக்கும் படத்துக்காக ஒரு வருடம் தயாரானவர். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். இந்த முறை தெங்போச்சே வரைதானாம், அக்டோபர் கடைசியில். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றிக்கொள்ளக் கூடியதாகப் போட்டிருக்கிறார்.