கட்டைவிரல் அகல இடம்

மிச்சிகனில் பழைய மஸில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வேகக் கார்களைச் சீரமைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். போன வருடம் ஒருவர் தன் அப்பாவின் 1969 செவர்லே கமாரோ காரைக் கொண்டுவந்தார். "இது அசல் இசட்/28" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாராம். கமாரோவிலேயே வேகத்துக்காகக் கம்பெனி செய்த தனி ரகம் அது.

பானெட்டைத் திறந்து, வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் துணியால் துடைத்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் அங்கே உண்டு. எஞ்சின் பூட்டிய தேதியும் வகையும் அதில் குத்தியிருக்கும். அந்த வருட இசட்/28 என்றால் கடைசி இரண்டு எழுத்து 'டிஇசட்'. இந்த எஞ்சினில் அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. முன்பு எஞ்சின் வேலை பார்த்த ஒரு லேத் பட்டறையில், எஞ்சினின் உடலான பிளாக்கின் மேல்முகத்தைச் சமமாக்க லேசாகச் சீவியிருக்கிறார்கள். எழுத்தும் அதோடு போய்விட்டது. எஞ்சின் அருமையாக ஓடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1969 கமாரோவின் சேஸிஸ் எண்ணைப் பார்த்தால் எட்டு சிலிண்டர் வண்டி என்பதுதான் தெரியும். இசட்/28-ஆ இல்லையா என்று தெரியாது. வாங்கியபோது கொடுத்த காகிதமும் வீட்டில் இல்லை.

புதுச் சாமான் போட்டு மாடிஃபை செய்தால்தான் வண்டி கெடும், பழையபடி ஆக்கி ரெஸ்டோர் செய்தால் பிழைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இவருடைய வண்டியில் எழுத்து அழிந்தது ரெஸ்டோர் செய்யும்போதுதான். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனதே, நடிகர் ஸ்டீவ் மெக்வீன் சினிமாவில் ஓட்டிய 1968 மஸ்டாங், அது மங்கிய பெயின்ட்டும் துருவுமாக அப்படியேதான் மேடை ஏறியது. யாரோ ஆசைப்பட்டுப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தத் தடயமெல்லாம் போயிருக்கும்.

சரி, எதையும் மாற்றவே கூடாதா? பிரேக்கை மாற்றுங்கள் என்று நானே வற்புறுத்துவேன். இந்தக் கார்களில் பலவற்றுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 1967-க்கு முந்தைய பல வண்டிகளில், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான்; ஒரு குழாய் கசிந்தாலும் பிரேக் பிடிக்காமல் பெடல் தரையைத் தொட்டுவிடும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் அதை அப்படியே விட என் மனசு கேட்காது. முன்பக்க டிஸ்க்கும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் போல்ட் போட்டு மாட்டுகிற சாமான். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். நான் தடுப்பது வெட்டுவதையும் வெல்ட் வைப்பதையும்தான். புது கியர்பாக்ஸ் உட்காரவில்லை என்று தரைத்தகட்டை அறுத்துவிட்டால் அப்புறம் அந்தத் தகடு திரும்ப வராது. அசல் எஞ்சின் எப்போதோ போய், கூடு மட்டும் மிஞ்சிய வண்டியா? தாராளமாகப் புது எஞ்சின் வைக்கலாம், சந்தோஷமாகச் செய்து தருவேன்.

கழற்றிய சாமான் எதையும் தூக்கிப் போடாதீர்கள். துருப்பிடித்த பிராக்கெட்டாக இருந்தாலும் சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். அந்தக் கமாரோக்காரரிடம் அப்பாவின் கராஜை ஒருமுறை அலசிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினார். பழைய துணியில் சுற்றிய ஹாலி கம்பெனி கார்புரேட்டர், நெற்றியில் 4053 என்ற எண். 1969 இசட்/28-க்குக் கம்பெனியில் போட்டது அதுதான். அதை வைத்து முழுசாக நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் ஃபோனில் அவருக்குக் குரல் கம்மிவிட்டது.