பேசப் போனால் நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டிஎன்பிஎஸ்சி கிளாஸ்ல ஒரு பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்கு. பேசலாம்னு கிட்டப் போனா நாக்கு ஒட்டிக்குது, திரும்பி வந்துடறேன். இதுக்கு அறிவியல்ல வழி இருக்கா?"

இருக்கிறது தம்பி. படபடப்பு, வறண்ட வாய், சிவந்த முகம் எல்லாம் பள்ளியில் படித்த அட்ரினலின் சமாச்சாரம்தான். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து என்று சொன்னதும், பரிவு நரம்பு மண்டலம் உடம்பை ஓடத் தயார் செய்கிறது. நான் கவனிக்கச் சொல்வது, நீங்கள் திரும்பி வரும் அந்த நிமிடத்தை. திரும்பியதும் நெஞ்சு லேசாகிறது அல்லவா? "திரும்பியதால்தான் தப்பித்தோம்" என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த நாள் கால் இன்னும் சீக்கிரம் பின்வாங்கும்.

இதை மாற்ற முடியும் என்று 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். முயலைக் கண்டாலே அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டில் இருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

அப்படியானால் பழைய பயம் அழிந்துவிட்டதா? இல்லை! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நாம் பயந்தது நடக்காமல் போகும்போது மூளை திகைக்கிறது, திகைத்தால்தான் கற்கிறது. "இது ஆபத்தில்லை" என்ற புது நினைவு உருவாகி, மூளையின் நெற்றிப் பக்கப் பகுதி வழியாக அமிக்டலாவை அடக்கி வைக்கிறது. பழைய நினைவு அடியில் அப்படியே கிடக்கும். மணிச்சத்தத்துக்கு எச்சில் ஊற நாய்களைப் பழக்கி, பிறகு அந்தப் பழக்கத்தை நிறுத்திய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், கொஞ்சம் ஓய்வு விட்டுப் பார்த்தபோது எச்சில் திரும்ப ஊறுவதைக் கண்டார். ஆகவே ஒரு வாரம் லீவு முடிந்து வரும்போது பழைய படபடப்பு எட்டிப் பார்த்தால், உழைத்ததெல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள்.

புது நினைவுக்கு இன்னொரு குணமும் உண்டு, அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வகுப்பில் மட்டும் பழகினால் போதாது. எம்.சி. ரோடு துணிக்கடையில் நாலு சட்டையை எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, "வேணாங்க" என்று சொல்லி வெளியே வாருங்கள். காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுங்கள். மீன் விற்கும் அக்கா நாலு வார்த்தை திட்டினாலும் ஒன்றும் ஆகாது என்பதைத்தான் மூளை கற்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பெண்ணிடம் போகும் முன் உங்கள் பயத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: "பேசினால் மொத்த கிளாஸும் பார்த்துச் சிரிக்கும்." போனைப் பையில் வையுங்கள். கையில் இருந்தால் 'போன்தான் காப்பாற்றியது' என்று மூளை கணக்கு எழுதிவிடும். "ஏங்க, நேத்து நடத்துன பாலிட்டி நோட்ஸ் இருக்கா?" என்று கேளுங்கள். பிறகு எழுதியதை எடுத்து, அது நடந்ததா என்று பாருங்கள். 2000-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கூச்சம் தரும் டி-ஷர்ட் போட்டு அறைக்குள் போன மாணவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தது அதிலும் பாதிதான்.

வசிய மை, தாயத்து என்று காசைக் கொட்டாதீர்கள். அடுத்தவர் மனதைக் கட்டிப்போடலாம் என்று விற்கிற அந்த வியாபாரத்தின் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. மேலே சொன்ன பயிற்சி உங்கள் பயத்துக்கு மட்டும்தான், அந்தப் பெண்ணின் சம்மதத்துக்கு அல்ல. அவர் வேண்டாம் என்றாலோ விலகிப் போனாலோ அதோடு விட்டுவிட வேண்டும், பின்னால் போகக் கூடாது.

பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவே முடியவில்லை, கடைக்குப் போகவே நடுங்குகிறது என்றால் அது வெறும் கூச்சமாக இல்லாமலும் இருக்கலாம். 1794-லேயே மனநல மருத்துவமனை தொடங்கிய ஊர் நம்முடையது. ஆனாலும் பயம் எப்படி வருகிறது, எப்படி அடங்குகிறது என்பதைப் பள்ளிகளில் இன்னும் முறையாகச் சொல்லித் தருவதில்லை; அதற்கு அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பேன். இப்போதைக்கு 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.