கவுன்சிலர்: சொல் விளக்கம்

கவுன்சிலர் (பெயர்ச்சொல்): மாநகராட்சி மன்றத்துக்கோ நகராட்சி மன்றத்துக்கோ ஒரு வார்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர். வடசென்னை வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு: சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமோ, அவர்.

வேர் லத்தீன். அங்கே ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டு சொற்கள்: ஒன்றுக்குக் கூடும் அவை என்று பொருள், மற்றதற்கு ஆலோசனை. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் கலந்துவிட்டன. பள்ளியில் மாணவருக்கு ஆலோசனை சொல்பவரும் நம்மில் பலர் வாயில் கவுன்சிலர்தான். அவருக்கு 'ஆலோசகர்' போதும்.

நம் பொருளுக்கு நேர்த்தமிழ், மாமன்ற உறுப்பினர். நகராட்சியாக இருந்தால் நகர்மன்ற உறுப்பினர். மன்றம் என்பது ஊரார் மரத்தடியில் கூடிய பொதுவிடத்தைச் சங்க காலத்திலிருந்தே குறித்துவரும் சொல். வார்டுக்கு 'வட்டம்' உண்டு. கட்சிக்காரர்களின் 'வட்டச் செயலாளர்' அப்படி வந்தவர். சோழர் காலத்தில் இதற்குக் 'குடும்பு' என்று பெயர். முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டு 30 குடும்புகளைச் சொல்கிறது. முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்தவர் பெயரைக் குடவோலையில் (குடத்தில் இட்டு எடுக்கும் பெயர்ச்சீட்டில்) சேர்க்கக் கூடாது. இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமே இல்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான தேர்தல் அது என்பதை மேடைப் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

சென்னையில் அந்த மூன்றாண்டுத் தடை இல்லை. வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் 1882இல் உறுப்பினராகி ஏறத்தாழ 40 ஆண்டுகள் மாநகராட்சியில் இருந்தார். அவர் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தர மன்றம் தீர்மானம் போட்டது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் கட்டியது. அவையில் கூடிப் பேசி முடிவெடுப்பது என்ற பழம்பொருள் முழுதாகப் பொருந்திய இடம் இது.

நேர்மாறான காலமும் உண்டு. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னையில் மாமன்றமே இல்லை, அதிகாரிகளின் நிர்வாகம்தான். 'முன்னாள் கவுன்சிலர்' என்ற தொடர் அப்போது பெருகியது.

இனி, மறுபடியும் வாக்குக் கேட்டு வரும் 'முற்போக்கு' உறுப்பினரின் துண்டறிக்கைக்கு வருவோம். துறைமுகத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, தொழிற்சங்க அனுபவம், மாணவர் இயக்கம் என்று பின்னணி இருக்கும். வடசென்னைப் பக்கம் அது வெறும் அலங்காரமில்லை; துறைமுகமும் ஆலைகளும் ரயில்வே பணிமனைகளும் வளர்த்த அரசியல் அது. அடுத்து வரும் வாக்குறுதிகளில்தான் கவனம் தேவை. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி வாரியத்துக்குப் போய்விட்டன. பட்டா வருவாய்த் துறையின் பொறுப்பு. இவற்றுக்கு உறுப்பினர் மனு எழுதலாம், அலுவலகத்தில் போய் உட்காரலாம், மறியல் செய்யலாம்; கையெழுத்திட்டு முடிக்க முடியாது. மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, மாநகராட்சிப் பள்ளி, மயானம் ஆகியவை மாநகராட்சியின் சொந்த வேலைகள்.

கொடுங்கையூர்க் குப்பைமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எரிஉலை வேண்டாம் என்று மக்கள் போராடுகிறார்கள். திடக்கழிவு மாநகராட்சியின் பொறுப்பு என்பதால் இது மாமன்றத்தில் பேச வேண்டிய விஷயம். தெருக்கூட்டத்தில் எதிர்த்தவர், மாமன்றம் கூடும் ரிப்பன் மாளிகையில் எழுந்து என்ன சொன்னார், தீர்மானத்துக்கு எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று அவரிடமே கேட்கலாம். துண்டறிக்கையில் பெரும்பாலும் அந்த வரி இருக்காது.