நகர்மன்றம் எவ்வளவு நாளுக்கு ஒரு முறை கூட வேண்டும்?

நகராட்சி அலுவலகத்தின் மன்றப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், குடியிருப்போர் நலச் சங்கங்களில் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: மாதம் ஒரு மன்றக் கூட்டம் போதுமா? மாதத்திற்கு ஒரு முறையாவது மன்றம் கூட வேண்டும் என்பது 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வகுத்துத் தந்த நடைமுறை. என் அனுபவத்தில் அந்தக் கால அளவு சரியானதே. ஆனால் அது எல்லா மாதமும், ஊருக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு தேதியில் நடக்க வேண்டும்.

கூட்டம் தள்ளிப்போவதால் நிர்வாகம் நின்றுவிடுவதில்லை. குடிநீர்க் குழாய் உடைந்தால் அன்றே சரிசெய்தாக வேண்டும். அதற்காகத்தான் மேயர் அல்லது தலைவரின் முன் அனுமதி பெற்று வேலையை முடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் பார்வைக்கு வைக்கும் முறை இருக்கிறது. அவசரத்திற்கென ஏற்பட்ட இந்த வழி, மன்றம் இரண்டு மூன்று மாதங்கள் கூடாதபோது அன்றாட வழியாகிவிடுகிறது. பிறகு கூடும் கூட்டத்தில் கூட்டப் பொருள்களின் (அஜெண்டா) பெரும்பகுதி ஏற்கனவே முடிந்த வேலைகளாகவே இருக்கும். எண்களை மட்டும் வரிசையாக வாசித்து, ‘ஆல் பாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். தன் வார்டில் எந்தத் தெருவுக்குச் சாலை போடப்பட்டது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் உறுப்பினர் தெரிந்துகொள்கிறார் என்றால், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்கு அங்கே பயனற்றுப் போகிறது.

மழைநீர் வடிகால் தூர்வாரும் பணியை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மதிப்பீட்டுக்கு மன்றம் ஒப்புதல் தந்த பின்னரே ஒப்பந்தப்புள்ளி கோர முடியும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும் என்பது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின் ஏற்பாடு. வந்த ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலித்து, ஒப்பந்தக் குழுவுக்கோ மன்றத்துக்கோ கொண்டுசென்று, பணி ஆணை வழங்கி, ஆட்களை இறக்க மேலும் சில வாரங்கள் ஆகும். ஜூன் மாதக் கூட்டம் நடந்தால் ஆகஸ்டில் வேலை தொடங்கிவிடும். அந்தக் கூட்டமும் ஜூலைக் கூட்டமும் தவறி, ஆகஸ்டில்தான் மன்றம் கூடியது என்றால், வடிகாலில் மண்ணை அள்ளும்போதே மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெருவில் தேங்கும் தண்ணீருக்கும் கூட்டத் தேதிக்கும் உள்ள இந்தத் தொடர்பை மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நான் இதை எழுதுவதன் முதன்மையான நோக்கம்.

வாரம் ஒரு முறை கூட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பொறியாளரும் சுகாதார அலுவலரும் வருவாய்ப் பிரிவும் குறிப்புகளைத் தயாரிக்கவும், உறுப்பினர்கள் அவற்றைப் படிக்கவும் நாட்கள் வேண்டும். அவசரமாக அச்சிட்ட பொருள் எவரையும் யோசிக்க விடுவதில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத காலத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடக்கும்வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு நகரங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. தீர்மானங்கள் அப்போதும் பதிவாயின. ஆனால் எதிர்த்துக் கேட்க அந்த மேசையின் மறுபக்கத்தில் எவரும் இல்லை. உறுப்பினர்கள் வந்த சில வாரங்களிலேயே, 2022 ஏப்ரலில், 25 முதல் 150 விழுக்காடு வரையிலான சொத்துவரி உயர்வைப் பற்றி அவர்கள் பேச வேண்டியதாயிற்று.

மன்றக் கூட்டம் உறுப்பினர்கள் பேசுமிடம். பொதுமக்கள் அமர்ந்து பார்க்கலாம், பேச இயலாது. நகரவாசி பேசுவதற்கென வந்தவை, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைகள். கிராமங்களில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆறாகிவிட்டன. நகரங்களிலோ 2022 நவம்பர் 1 அன்றுதான் ஏரியா சபைகள் முதன்முறையாகக் கூடின. ஏரியா சபை மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும், அதுவும் மன்றக் கூட்டத்திற்கு இரண்டு வாரங்கள் முன்னதாக அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்போதுதான் அங்கே எழுந்த கோரிக்கை கூட்டப் பொருளாக மாற நேரமிருக்கும். கேரளத்தில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கிராம சபையைக் கூட்டாமல் தொடர்ந்து இருமுறை தவறும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். நம்மிடமும் மன்றக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து மூன்று மாதங்கள் வராத உறுப்பினருக்குத் தகுதியிழப்பு உண்டு. ஆனால் கூட்டத்தையே கூட்டாதவர்களுக்கு அதே கண்டிப்பு இருக்க வேண்டாமா?

உங்கள் ஊர் நிலவரத்தை அறிய, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் மன்றம் கூடிய தேதிகள், ஒவ்வொரு கூட்டத்தின் தீர்மான நகல்கள், அவற்றுள் முன் அனுமதியின் பேரில் ஏற்கனவே செய்து முடித்த பணிகளின் பட்டியல், உங்கள் வார்டில் ஏரியா சபை கூடிய நாட்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் முன் அனுமதிப் பட்டியலைக் கூட்டத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் எடுத்துச் செல்லுங்கள்.