எஸ்ஜிபிடி நார்மல்தானே டாக்டர்?

போன வாரமும் ஒருவர் ரத்த வாந்தியோடு வந்தார். கூட வந்த மகன் கையில் பழைய ரிப்போர்ட்டுகள் கட்டாக இருந்தன. "எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி எப்பவுமே நார்மல்தான் டாக்டர். அப்புறம் எப்படி சிரோசிஸ்?" சிரோசிஸ் என்றால் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது. அதே ரிப்போர்ட்டுக் கட்டுக்குள், வேறொரு தாளில், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 92,000. முந்தைய தாள்களைப் புரட்டினால் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சிரோசிஸ் முற்றும்போது பிளேட்லெட் குறையும்; யார் கண்ணிலும் அந்த இறக்கம் படவில்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. கல்லீரல் செல்கள் சேதமாகும்போது ரத்தத்தில் கசியும் நொதிதான் எஸ்ஜிபிடி; எஸ்ஜிஓடியும் அதே மாதிரிதான். இப்போது எவ்வளவு சேதம் நடக்கிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். பல வருடங்களாகச் சேர்ந்த தழும்பை அது காட்டாது. எரிந்து முடிந்த வீட்டில் புகை வராது. அதற்காக வீடு பத்திரமாக இருக்கிறது என்போமா? சிரோசிஸ் வந்துவிட்ட பலருக்கு எஸ்ஜிபிடி 40-க்குள்தான் இருக்கும். மஞ்சள் காமாலையும் இருக்காது. சாதாரண அல்ட்ராசவுண்டுகூட ஆரம்ப சிரோசிஸைத் தவறவிடலாம்.

சரி, பயாப்ஸி என்று ஊசி குத்தாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் இருக்கும் ரிப்போர்ட்டே முதல் படிக்குப் போதும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஃபிப்-4, கல்லீரல் தழும்பை ஊகிக்க உதவும் எண். வயது 58, எஸ்ஜிஓடி 39, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 92,000 என்று வையுங்கள். இரண்டு நொதிகளும் நார்மல்; ஃபிப்-4 மட்டும் 4.1! 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை (65 வயதுக்கு மேல் 2.0 வரை). 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். வலிக்காது, சில நிமிட வேலை. கல்லீரலின் விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்லும். வேறு அறிகுறி இல்லாமல் 10-க்குக் கீழே இருந்தால் முற்றிய நோய் அநேகமாக இல்லை. 15-க்கு மேல் என்றால் பலத்த சந்தேகம். ஆனால் தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும், இல்லாவிட்டால் எண் கூடிக் காட்டும். கடும் ஹெபடைடிஸ், இதயச் செயலிழப்பு, பித்தநாள அடைப்பு இருக்கும்போதும் அப்படித்தான். அந்த எண்ணைப் பார்த்து வீட்டில் அழுதுவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் இந்த ஸ்கேன் சரிப்படாது. அந்த நிலையில் அது தேவையும் இல்லை.

சிரோசிஸ் என்றாலே எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி என்ற காலம் போய்விட்டது. நீர் கோர்ப்பு, ரத்தக்கசிவு போன்ற சிக்கல் எதுவும் இதுவரை வராதவர்களுக்கு கல்லீரல் நிபுணர்கள் கூடி வகுத்த 2015 பவேனோ வழிகாட்டுதல் சொல்வது இது: விறைப்பு 20-க்குக் கீழே, பிளேட்லெட் 1,50,000-க்கு மேலே என்றால் உணவுக்குழாயில் ஆபத்தான ரத்தநாளப் புடைப்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. குழாய் விட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போடலாம். இரண்டு எண்ணையும் வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். இதில் ஒன்று மாறினாலும் எண்டோஸ்கோப்பி பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். பயந்து ஒளிய வேண்டாம்.

சிரோசிஸ் உறுதியானவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுங்கள். அது புற்றுநோயைத் தேட. "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்று தள்ளிப்போடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் இன்னொரு விஷயம். மூட்டுவலிக்கு நீங்களாக வலிமாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகமும் சேர்ந்து போகும்.

சிரோசிஸ் முற்றினால் மூளையும் பாதிக்கப்படலாம். அதைப் பிடிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. நோயாளியை, ஒரு நிமிடத்தில் தெரிந்த விலங்குகளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பத்துக்கூட வரவில்லையா, இரவில் விழித்துப் பகலில் தூங்கி வழிகிறாரா, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கே கூட்டி வாருங்கள்.